பல பண்பாட்டுக் கலைப்படைப்புகளைக் காண முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பெரிய கலை அருங்காட்சியகம் ஒன்றுக்குள் முதன்முறையாக நுழைபவர் திகைத்து நிற்பது இயல்பே. ஒரு கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனி நிற்கிறது. அடுத்த கூடத்தில் ஜப்பானிய அச்சுப்படம். படியேறினால் மேற்கு ஆப்பிரிக்க அரண்மனை ஒன்றிலிருந்து வந்த பித்தளைத் தகடுகள். அங்கிருந்து திரும்பினால் டச்சு ஓவியர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மூன்று மணி நேரம் நடந்தவருக்கு, வெளியே வரும்போது கால்வலிதான் மிஞ்சும். கலை வரலாறு படித்தவர்களுக்குத்தான் இவையெல்லாம் விளங்கும் என்று எண்ணிக்கொண்டு பலர் இரண்டாம் முறை செல்வதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எந்த நாட்டுப் பொருளாக இருந்தாலும் அதன் முன் நின்று நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும்: இது எதனால் ஆனது, யார் செய்தது, எந்த இடத்தில் யாருடைய பயன்பாட்டுக்காகச் செய்தது, அங்கிருந்து இங்கே எப்படி வந்தது. நான்காவது கேள்வியைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

புறப்படும் முன்

முதல் வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பைத் தேடிப் பார்க்கும் வசதியை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. நாடு, காலம், பொருள்வகை என்று அதில் வடிகட்டிக்கொள்ளலாம். தேடும்போது, தற்போது காட்சியில் உள்ளவற்றை மட்டும் காட்டும் குறியை மறக்காமல் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் சேகரிப்பின் பெரும்பகுதி எப்போதும் கிடங்கில்தான் இருக்கும். குறிப்பாகத் தாளிலும் பட்டிலும் வரையப்பட்டவை வெளிச்சம் பட்டால் நிறம் இழந்துவிடும் என்பதால், அவற்றை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில் சில மாதங்கள் வைத்துவிட்டு, மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை அச்சுப்படத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தொலைவிலிருந்து சென்று, அது அப்போது காட்சியில் இல்லை என்று அறிந்து ஏமாறுவோர் உண்டு.

தேர்ந்தெடுக்கும் படைப்புகள் ஆறுக்கு மேல் போகவேண்டாம். மூன்று பண்பாடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். அவற்றுள் ஒரு பண்பாடாவது உங்களுக்கு முன்பின் அறிமுகம் இல்லாததாக இருக்கட்டும். கையில் சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். மைப் பேனாவைப் பல கூடங்களில் அனுமதிப்பதில்லை. முதுகுப்பை இருந்தால் வாசலிலேயே ஒப்படைத்துவிடுங்கள். படமெடுக்க அனுமதி இருந்தாலும் பிளாஷ் கூடாது.

முதலில் பொருள், பிறகு லேபிள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு படைப்பின் முன் அவர்கள் நிற்கும் சராசரி நேரம் 27 வினாடி என்று கண்டது. அதிலும் பாதித் தடவைகளில் 17 வினாடிக்கு மேல் யாரும் நிற்கவில்லை. இந்தச் சிறிய நேரத்திலும் ஒரு பகுதி லேபிளைப் படிப்பதில் போய்விடுகிறது. ஆகவே முதல் இரண்டு நிமிடங்கள் லேபிளின் பக்கம் கண்ணைத் திருப்பாதீர்கள். முதலில் நான்கைந்து அடி தள்ளி நின்று முழுமையாகப் பாருங்கள். பிறகு தடுப்புக்கயிறு அனுமதிக்கும் அளவுக்கு நெருங்குங்கள். கடைசியாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்து, ஒளி சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள். எண்ணெய் வண்ண ஓவியத்தில் தூரிகை வழித்த மேடுகளும், சிற்பத்தில் உளியின் தடமும் இந்தக் கோணத்தில்தான் தெரியும்.

இரண்டு நிமிடத்தில் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு படத்தைக் காட்டுகிறேன். வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் சேகரிப்பில், பிசித்ர் என்ற முகலாய ஓவியர் 1615க்கும் 1618க்கும் இடையில் வரைந்ததாகக் கருதப்படும் சிற்றோவியம் ஒன்று இருக்கிறது. நடுவில் பேரரசர் ஜஹாங்கீர் அமர்ந்திருக்கிறார். தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த பெரிய ஒளிவட்டம். சற்றுக் கீழே பார்வையைக் கொண்டுவந்தால், அவர் அமர்ந்திருப்பது ஒரு மணற்கடிகையின் மேல் என்பது தெரியும். அரசர் ஆயிரம் ஆண்டு வாழ்க என்ற வாழ்த்தை அந்தக் கடிகையின் மீது சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள் எழுதிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழந்தைகள் ஐரோப்பிய ஓவியங்களிலிருந்து வந்தவை. இடப்பக்கம் நால்வர் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நிற்கிறார்கள்: நூலைப் பெற்றுக்கொள்ளும் சூஃபி பெரியவர், கைகூப்பிய துருக்கிய சுல்தான், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், அனைவருக்கும் கீழே ஒரு படத்தைக் கையில் ஏந்திய ஓவியர். மன்னர் ஜேம்ஸின் முகம் மட்டும் வேறு கையால் வரைந்ததுபோல் இருக்கும்; ஐரோப்பிய உருவப்படம் ஒன்றைப் பார்த்து அதைப் பிசித்ர் வரைந்திருக்கிறார். புத்தகத்தாள் அளவே உள்ள ஒரு படத்தில் மூன்று அரசவைகளும் ஒரு துறவியும் கூடியிருப்பதை 17 வினாடியில் காண இயலாது. லேபிளை முதலில் படித்திருந்தால், அது சொன்னதை மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்ந்திருப்போம்.

லேபிளை வரிவரியாகப் படித்தல்

பார்த்து முடித்ததும் லேபிளுக்கு வாருங்கள். அதன் அமைப்பு உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். கலைஞர் பெயர், பிறந்த இடம், வாழ்ந்த ஆண்டுகள், படைப்பின் தலைப்பு, காலம், செய்பொருள், அளவு, யார் கொடுத்தது, பதிவு எண் என்று அது இறங்கி வரும்.

பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள சிறு சொற்களில்தான் கவனம் வேண்டும். டச்சு ஓவியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்: ‘ரெம்பிராண்ட்’ என்று மட்டும் இருந்தால் அது அவர் கையால் ஆனது என்று அருங்காட்சியகம் உறுதியாகச் சொல்கிறது. ‘ரெம்பிராண்டுடையதாகக் கருதப்படுவது’ என்றால் அந்த உறுதி சற்றுக் குறைகிறது. ‘ரெம்பிராண்டின் பட்டறை’ என்றால் அவர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்தது. ‘ரெம்பிராண்டைப் பின்பற்றியவர்’ என்றால் அவரை நேரில் அறியாத ஒருவராகவும் இருக்கலாம். காலத்துக்கு முன் ‘சுமார்’ என்று இருந்தால், பாணியையும் பொருளையும் வைத்துக் கணித்த ஆண்டு அது. உலோகப் பொருட்களின் லேபிளில் வெண்கலம், பித்தளை என்று எழுதாமல் ‘செப்புக் கலவை’ என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். கலவையைச் சோதித்துப் பார்க்காமல் இரண்டில் எது என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே காரணம். அளவுகளில் முதலில் வருவது உயரம், அடுத்தது அகலம்.

அளவு என்ற அந்த எளிய வரியே சில சமயம் பெரிய செய்தியாகிவிடும். ஹொகுசாயின் ‘கனகாவா கடற்கரைக்கு அப்பால் பேரலைக்குக் கீழே’ என்ற படத்தைச் சுவரொட்டிகளில் பார்த்துப் பழகியவர்கள், மெட்ரோபாலிட்டனில் உள்ள படியின் உயரம் 25.7 செ.மீ., அகலம் 37.9 செ.மீ. என்று படிக்கும்போது வியந்துபோவார்கள். ‘படி’ என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். சுமார் 1830–32இல் வெளியான இந்த மரக்கட்டை அச்சுப்படத்துக்கு ‘ஒரே அசல்’ என்று எதுவும் கிடையாது. ஹொகுசாய் வரைந்தார், வேறொருவர் அதைக் கட்டையில் செதுக்கினார், இன்னொருவர் மை தடவி அச்சிட்டார், பதிப்பாளர் ஒருவர் பணம் போட்டு விற்றார். ஒரே கட்டையிலிருந்து பல படிகள் எடுக்கப்பட்டதால், முன்னால் எடுத்தவற்றில் கோடுகள் கூர்மையாகவும், கட்டை தேய்ந்த பிறகு எடுத்தவற்றில் இடையிடையே அறுந்தும் இருக்கும். வானத்தின் இளஞ்சிவப்பு பல படிகளில் இன்று வெளுத்துப்போயிருக்கிறது. ஆகவே இரண்டு அருங்காட்சியகங்களில் இதே படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஏற்கெனவே பார்த்ததுதானே என்று கடந்துவிடாதீர்கள்.

பெயர் இல்லாத லேபிள்கள்

ஐரோப்பியக் கூடங்களில் வரிசையாகப் பெயர்களைப் படித்துவிட்டு ஆப்பிரிக்க, ஓசியானிய (பசிபிக் தீவுகளின்), தென்னாசியக் கூடங்களுக்கு வந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இனக்குழுவின் பெயரோ நாட்டின் பெயரோ மட்டும் இருக்கும். அந்தப் பண்பாடுகளில் கலைஞருக்குத் தனிப்பெயர் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. சேகரித்தவர்கள் பெரும்பாலும் பெயரைக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே வாழ்ந்த ஒலோவே (சுமார் 1873–1938) இதற்கு நல்ல சான்று. இகெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவு 1924இல் லண்டன் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சிக்குச் சென்று, பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. விற்க மறுத்த இகெரே அரசர், பிரிட்டனில் செய்யப்பட்ட ஓர் அரியணைக்கு மாற்றாகவே அதைக் கொடுத்தார். பலகையை விட்டு வெளியே எழுந்து வருவதுபோல் உருவங்களைச் செதுக்கிய அவருடைய திறமையை அவர் மக்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்; அவருடைய மனைவியருள் ஒருவர் பாடிய புகழ்ப்பாடலில் அவர் பெயர் நிலைத்திருந்தது.

ஐரோப்பியக் கூடத்திலும் பெயர்கள் தொலைந்ததுண்டு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு டச்சு ஓவியம் நெடுங்காலம் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஓவியரின் படைப்பாகவே போற்றப்பட்டது. 1893இல் அதை நெருங்கி ஆராய்ந்தபோது, இரண்டு எழுத்துகள் பின்னிய ஒரு சிறு குறியும் அதனுடன் ஒரு நட்சத்திரமும் தெரிந்தன. அது யூடித் லைஸ்டர் (1609–1660) என்ற பெண் ஓவியரின் கையொப்பம். லைஸ்டர் என்ற சொல்லுக்கு வழிகாட்டும் விண்மீன் என்று பொருள். அவர் இறந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அவருடைய படங்கள் பிறர் பெயரில் தொங்கின. ஆகவே ஓவியத்தின் கீழ் மூலைகளையும், வரையப்பட்ட மேசை, கோப்பை, நாற்காலி ஆகியவற்றின் ஓரங்களையும் தேடிப் பார்க்கும் பழக்கம் நல்லது.

பொருள் முன்பு இருந்த இடத்தை மனத்தில் கட்டுதல்

அருங்காட்சியகத்துக்காகவே செய்யப்பட்டவை அங்கே மிகச் சில. மற்றவற்றை அவற்றின் பழைய இடத்தில் வைத்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். சோழர் காலத் திருமேனியின் முன் நிற்கும்போது, எல்லாரும் நடராசரின் தூக்கிய திருவடியையும் விரிசடையையும் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பீடத்தையும் பாருங்கள். அங்கே துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டுகளைச் செருகித் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுசெல்வதற்காக அவை அமைந்தன. பட்டும் மாலையும் அணிகலனும் சாத்தி, தீப ஒளியில், அசைந்து நகரும்போது காண்பதற்காக வார்க்கப்பட்ட உருவம், இங்கே அலங்காரம் எதுவும் இல்லாமல் மின்விளக்கின் கீழ் அசையாமல் நிற்கிறது. தேன்மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த பின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் ஒவ்வொரு உருவுக்கும் ஓர் அச்சுத்தான். அதையும் உடைத்துத்தான் உருவத்தை எடுப்பார்கள். சில திருமேனிகளின் முகம் மழுங்கியிருந்தால், அது தலைமுறை தலைமுறையாக நடந்த திருமஞ்சனத்தின் தேய்மானம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சீனச் சுருள் ஓவியங்களையும் இவ்வாறே பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் முழுவதுமாக விரித்து வைத்திருந்தாலும், அவை கையில் பிடித்து, வலமிருந்து இடமாக, ஒரு முழ அளவே விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போவதற்காக வரையப்பட்டவை. வலது ஓரத்தில் தொடங்கி மெல்ல நடந்தால், படம் உங்கள் கண்முன் அவிழ்வதை நீங்களே உணரலாம். அதற்கு நேர்மாறாக, கானாவில் 1944இல் பிறந்து நைஜீரியாவில் பணியாற்றிய எல் அனட்சூயின் படைப்புகளுக்கு நிலையான வடிவமே இல்லை. ஆயிரக்கணக்கான பாட்டில் மூடித் தகடுகளைச் செம்புக் கம்பியால் கோத்து அவர் செய்யும் பெரிய திரைகளை, மடிப்புகளை எப்படி வைப்பது என்று ஒவ்வொரு முறையும் மாட்டுபவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கடைசி வரி

லேபிளின் அடியில் சிறிய எழுத்தில், இன்னார் நன்கொடை, இன்ன ஆண்டு என்று ஒரு வரி இருக்கும். அதைத் தவறாமல் படியுங்கள். அந்தப் பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு அதில் இருக்கிறது. செய்யப்பட்ட ஆண்டுக்கும் வந்து சேர்ந்த ஆண்டுக்கும் இடையில் நடந்ததைத்தான் உடைமை வரலாறு என்கிறார்கள். சில பண்பாடுகள் அந்த வரலாற்றைப் பொருளின் மீதே எழுதிவைத்திருக்கின்றன. மெட்ரோபாலிட்டனில் உள்ள, எட்டாம் நூற்றாண்டுச் சீன ஓவியர் ஹான் கான் வரைந்த குதிரைப் படத்தைச் சுற்றிலும் செந்நிற முத்திரைகளும் குறிப்புகளும் நிறைந்திருக்கும். நூற்றாண்டுகள் நெடுக அதை வைத்திருந்தவர்களும் பார்த்து மகிழ்ந்தவர்களும் பதித்தவை அவை. படத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று முதலில் தோன்றலாம். உண்மையில் அது ஒரு பொருளுக்குக் கிடைக்கக்கூடிய மிகத் தெளிவான சான்றுப் பத்திரம்.

எல்லாப் பொருளுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் பித்தளைத் தகடுகள் பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை அரண்மனைத் தூண்களில் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் சிலவற்றில் போர்ச்சுகீசிய வணிகர்களின் உருவங்களும் உண்டு. 1897இல் பிரிட்டிஷ் படை அந்நகரைத் தாக்கிச் சூறையாடியபோது அவை எடுத்துச் செல்லப்பட்டு, ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் சிதறின. ஆகவே பெனின் பொருள் ஒன்றின் லேபிளில் 1897 என்ற எண் தென்பட்டால் அதன் பொருள் உங்களுக்கு விளங்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2022 அக்டோபரில் 29 பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனி 20 பொருட்களை நேரில் ஒப்படைத்தது.

இன்னொரு முக்கியமான ஆண்டு 1970. பண்பாட்டுப் பொருட்களைச் சட்டவிரோதமாகக் கடத்துவதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த ஆண்டில்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே அந்தப் பொருள் தாய்நாட்டை விட்டு வெளியேறிவிட்டதா என்று கேட்பது இன்று பல அருங்காட்சியகங்களின் நடைமுறை. இணையதளத்தில் ஒரு சிலையின் உடைமை வரலாற்றைப் படிக்கும்போது 1970க்கு முந்தைய குறிப்பு ஒன்றுமே இல்லையென்றால், அது கேள்விக்குரிய இடைவெளி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் திருமேனியை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. உடன் வந்த உடைமை ஆவணங்கள் போலியானவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள், அது அந்தக் கோயில் திருமேனிதான் என்று அடையாளம் காண உதவின. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் திருப்பித் தரப்பட்டது. இத்தகைய செய்திகளை அறிந்தபின் கடைசி வரியைப் படிக்காமல் நகர எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு நிறத்தைப் பின்தொடர்ந்து

இரண்டாம் முறை செல்லும்போது நாடு நாடாகப் பார்ப்பதை விட்டு, ஒரே ஒரு பொருளைத் தொடர்ந்து கூடம் கூடமாகச் செல்லலாம். தொடங்குவதற்கு நீலம் ஏற்றது. சீனப் பீங்கானின் நீலத்துக்குத் தேவையான கோபால்ட் என்ற கனிமம் யுவான் அரச மரபின் காலத்தில் ஈரானியப் பகுதியிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் சாடிகள் எனப்படும் சீனப் பீங்கான் சாடிகள் இரண்டிலும் 1351ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்த நீலமும் வெள்ளையும் பின்னர் துருக்கியின் இஸ்னிக்கிலும் ஹாலந்தின் டெல்ஃப்டிலும் புது வடிவம் எடுத்தன. டச்சு ஓவியர் வெர்மீர் சுமார் 1665இல் வரைந்த முத்துத் தோடு அணிந்த பெண்ணின் தலைத்துணி நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளுக்குப் பெயர் வாங்கித்தந்த லாபிஸ் என்ற நீலக் கல்லை அரைத்து எடுக்கப்படும் வண்ணம். ஹொகுசாயின் அலையில் உள்ளதோ பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவாக்கப்பட்டு, கடல் கடந்து ஜப்பானை அடைந்த பிரஷ்ய நீலம். ஜப்பானியம் என்றே நாம் எண்ணும் ஒரு படத்தின் நிறம் ஜெர்மனியில் பிறந்தது.

ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்து வரைந்ததையும் இப்படியே தொடரலாம். ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த இருபதுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் எஞ்சியுள்ளன. டச்சு ஓவியர் வான் கோ 1887இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப்பால அச்சுப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் வரைந்தார். புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் பயின்ற அம்ரிதா ஷெர்கில், பிரெஞ்சு ஓவியர் கோகன் வரைந்த தஹிதி என்ற பசிபிக் தீவின் பெண்களுக்கு மறுமொழியாக, 1934இல் தன்னையே தஹிதிப் பெண்ணாக வரைந்தார். இவரை எந்த நாட்டுக் கூடத்தில் வைப்பது என்பது காப்பாட்சியர்களுக்கே எளிதான கேள்வி அல்ல.

வீடு திரும்பிய பின்

கூடத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு படைப்பின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைக் கொண்டு தேடினால் நூறு முடிவுகள் வரும்; எண்ணைக் கொண்டு தேடினால் அந்த ஒரு பொருள் மட்டுமே வரும். பல அருங்காட்சியகங்களில் எண்ணின் முதற்பகுதி அது சேகரிப்பில் சேர்ந்த ஆண்டையே காட்டும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களைக் கட்டுப்பாடின்றி யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வேறு பல அருங்காட்சியகங்களும் அவ்வாறே செய்திருக்கின்றன. ஹொகுசாயின் அலைக்கு அங்கே ஜேபி 1847 என்று எண். அந்தப் பக்கத்தைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, இடப்பக்க மேல் மூலைக்குச் செல்லுங்கள். கட்டத்துக்குள் இருப்பது தலைப்பு. அதற்கு இடப்பக்கமாகக் கட்டம் இல்லாமல் செங்குத்தாக இறங்கும் எழுத்துகளில், எழுபது வயதை எட்டிய ஓவியர், ஹொகுசாய் என்ற பெயரை மாற்றி இயிட்சு ஆனவரின் தூரிகை இது என்று ஒப்பமிட்டிருக்கிறார்.